யாழ்ப்பாணம் போறவைக்கு: எங்கட பழைய கப்பல் கதையள் எங்க கிடக்குது

காலிக் கோட்டைக்குள்ள இருக்கிற மாதிரி ஒரு பெரிய கடல் மியூசியத்தை யாழ்ப்பாணத்தில எதிர்பாத்துப் போகாதேங்கோ, எங்கட கப்பல் வரலாறு கரை முழுக்கச் சிதறித்தான் கிடக்குது, அதால ரெண்டு நாளாவது ஒதுக்குங்கோ.

முதல் நயினாதீவு. யாழ் டவுன்ல 776 பஸ் எடுத்தா பண்ணைப் பாலத்தால போய் குறிகட்டுவான்ல இறக்கும், அங்கயிருந்து வள்ளம். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கோ, பிள்ளையளுக்குக் கட்டாயம். நாகபூசணி அம்மனைக் கும்பிட எல்லாரும்தான் போகினம், ஆனா அந்தக் கோயில்ல இருக்கிற கல்வெட்டைப் பாக்காமலே திரும்பி வந்திடுகினம், எனக்கு அது சரியான கவலை. பொலநறுவையில இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில தமிழிலயே போட்ட கட்டளை அது. யானை, குதிரை கொண்டு வாற கப்பல் உடைஞ்சா நாலில ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் கப்பல்காரருக்கு, வியாபாரச் சாமான் கொண்டு வந்த கப்பல் எண்டா சரி பாதி. வெளியில இருந்து வாறவை ஊராத்துறையில வந்து இறங்கோணும் எண்டும் இருக்கு, அது இப்பத்தைய ஊர்காவற்றுறை. எண்ணூறு வருசத்துக்கு முதல் எங்கட கடல்ல என்ன ஓடினது எண்டு இதைவிட ஒரு மியூசியம் சொல்லாது.

வரேக்க ஊர்காவற்றுறைப் பக்கமும் ஒருக்கா போங்கோ, கரையில நிண்டாலே கடலுக்க ஹம்மன்ஹீல் கோட்டை தெரியும். உள்ள போறதெண்டா காரைநகர்ப் பக்கத்தால, கடற்படைதான் நடத்துது. நெடுந்தீவுக்கும் போற ஆக்கள் 1985 மே 15 குமுதினிப் படகில கொல்லப்பட்ட சனத்தின்ர நினைவிடத்துக்கு ஒருக்கா போய் ஒரு பூவாவது வையுங்கோ.

அடுத்த நாள் வல்வெட்டித்துறை. அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் இந்த ஊர்க் கரையில எங்கட ஆக்கள் கட்டினது, ரொபின்சன் எண்ட அமெரிக்கர் வாங்கி மனுசியின்ர பேரில புளோரன்ஸ் சி. ரொபின்சன் எண்டு மாத்த, வல்வெட்டித்துறை மாலுமியளே அதை ஓட்டிக்கொண்டு போய் 1938ல அமெரிக்காவின்ர குளோஸ்ரர் துறைமுகத்தில சேத்தவை. கப்பல் இப்ப வல்வெட்டித்துறையில இல்லை, கதை இருக்கு. கடற்கரையில வயசான ஐயாமாரைக் கண்டா இருந்து கதையுங்கோ, ரெக்கோர்ட் பண்ணுறதெண்டா முதல்ல கேட்டுட்டுச் செய்யுங்கோ. அப்பிடியே பருத்தித்துறைக்குப் போனா 1916ல கட்டின வெளிச்சவீடு, படம் எடுக்க முதல் அங்க நிக்கிறவையிட்ட கேளுங்கோ.

கார்த்திகை, மார்கழியில கடல் கொந்தளிச்சா வள்ளம் நிப்பாட்டிப் போடுவினம், தீவுக்குப் போற நாளைப் பிளைட்டுக்கு முதல் நாளா வைக்காதேங்கோ.