400 மீட்டரா? முதல் பாதியைச் செட்டாக ஓடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பள்ளி விளையாட்டு விழாக்களில் வருஷா வருஷம் பார்க்கிறேன். துப்பாக்கி வெடித்ததும் பிள்ளைகள் 100 மீட்டர் மாதிரிப் பாய்கிறார்கள். 300-ஐத் தாண்டினதும் கால் கல்லாகிவிடுகிறது. செட்டாகச் செலவு பண்ண நம்ம ஊருக்கா சொல்லித்தர வேண்டும்?

கணக்கு இதுதான். 200 மீட்டரைத் தனியாக முழு வேகத்தில் ஓடி நேரம் எடுங்கள். 26 விநாடி என்றால், 400-ன் முதல் பாதியை 27, 27.5-ல் கடக்கலாம். இரண்டாம் பாதிக்கு எப்படியும் இரண்டு மூன்று விநாடி கூட ஆகும். கடைசி 100-ல் எல்லாருக்குமே வேகம் குறைகிறது. குறைவாகக் குறைகிறவர் ஜெயிக்கிறார். அங்கே பல்லைக் கடிக்காமல், தோளை இறக்கிக் கையை வீசுங்கள், கால் தானாக வரும்.

செம்மண் மைதானத்தில் 200 மீட்டர் வட்டம்தான் இருக்கிறதா? நல்லதாப் போச்சு. ஒரு சுற்று முடிகிற இடத்தில் தம்பியை ஸ்டாப்வாட்ச்சோடு நிறுத்தி, நேரத்தைக் கத்தச் சொல்லுங்கள். சில வாரத்தில் அந்த வேகம் உடம்புக்குப் பழகிவிடும்.

வெளி லேன் விழுந்தால் மூஞ்சியைத் தூக்க வேண்டாம். முன்னால் ஆளே தெரியாதுதான். ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் எட்டாவது லேனில் ஓடித்தான் 43.03 விநாடியில் உலக சாதனை படைத்தார்.

போட்டியன்று காலையில் ஆச்சி கந்தரப்பம் நீட்டினால், மறுக்காமல் டப்பாவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்துத் தின்னலாம்.