விழுங்கச் சிரமப்படுவோரின் சத்துக்குறைவை அறிவதும் ஈடுசெய்வதும்

பக்கவாதத்துக்குப் பிறகோ, தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற பிறகோ விழுங்கச் சிரமப்படுபவருக்கு, பர்மாவில் யாங்கோனானாலும் மோல்மீனானாலும் நம் வீடுகளில் முதலில் கொடுப்பது நீர்க்கஞ்சிதான். பலருக்கு அது இரு வகையில் கெடுதல்: தொண்டை தயாராவதற்குள் மூச்சுக்குழலுக்குள் ஓடிவிடும், வயிறு நிறைந்தாலும் உடலில் சேரும் சத்து சொற்பம்.

முதலில் எடை பாருங்கள். இங்கே உடல் எடையைப் பவுண்டில் சொல்வதே வழக்கம் என்பதால் அதிலேயே கணக்கிடலாம். 110 பவுண்டு இருந்தவர் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 99 பவுண்டுக்கும் கீழே இறங்கியிருந்தால், இழப்பு 10 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சத்துக்குறைவை அளக்கும் 'மஸ்ட்' என்ற மதிப்பீட்டில் இதற்கு 2 புள்ளி, 5 முதல் 10 விழுக்காடு வரையான இழப்புக்கு 1 புள்ளி. உடல் நிறை குறியீட்டெண் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 18.5-க்குக் கீழ் என்றால் 2, 18.5 முதல் 20 வரை என்றால் 1. கடும் நோயால் ஐந்து நாளுக்கு மேல் உணவே இறங்கவில்லையென்றால் மேலும் 2. கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே சிகிச்சை வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு மேற்கையின் நடுச்சுற்றளவை அளக்கலாம், 23.5 செ.மீ.க்குக் குறைந்தால் மெலிவு என்றே கொள்ளலாம். கால் வீங்கியிருந்தால் எடை ஏமாற்றும் என்பதையும் மனத்தில் கொள்க.

இருமல் இல்லை என்பதால் புரையேறவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சிலருக்கு ஓசையே இல்லாமல் உள்ளே போகும். விழுங்கிய பின் குரல் ஈரமாகக் கரகரப்பதும், அடிக்கடி நெஞ்சுச்சளியோடு காய்ச்சல் வருவதும் அதன் அடையாளங்கள். எந்த அளவு கெட்டித்தன்மை பொருந்தும் என்பதை மருத்துவரோ, பேச்சும் விழுங்கலும் சீராக்கும் பேச்சுப் பயிற்சியாளரோ சோதித்துச் சொல்லட்டும், ஏனெனில் அளவுக்கு மீறிக் கெட்டியானாலும் தொண்டையில் தேங்கும்.

சொன்ன கெட்டித்தன்மையை வீட்டில் காப்பதுதான் கடினம். கஞ்சியை மசித்து வடிகட்டி, பருப்பு, பால்மாவு, நல்லெண்ணெய் சேருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருப்பதால் அளவு கூடாமல் சத்து கூடும். எச்சில் பட்ட கரண்டி திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போனால் எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தைக் கரைக்க, தொடக்கத்தில் கெட்டியாக இருந்த கஞ்சி பாதியிலேயே நீர்த்துவிடும். ஆகவே சிறு கிண்ணத்தில் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள். மீன்குழம்பில் நூடுல்ஸ் சேர்ந்த மொகிங்காவை அப்படியே கொடுப்பது ஆபத்து. நீர்த்த குழம்பும் நூடுல்ஸும் ஒரே வாயில் சேர்வதை இவர்களால் சமாளிக்க முடியாது. கடலைமாவில் காய்ச்சும் ஷான் டோஃபுவைச் சூடாக, மேலே தூவும் வேர்க்கடலை இல்லாமல் கொடுப்பது கூழ்ப்பதம் அனுமதிக்கப்பட்டவருக்கு மிக நல்ல தேர்வு. நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்டி, அரைமணி நேரம் அப்படியே இருக்கச் செய்யுங்கள்.

நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரியும், சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு 1 முதல் 1.5 கிராம் புரதமும் பொதுவான இலக்கு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய பட்டினியாகக் கிடந்தவருக்கு இதை ஒரே நாளில் எட்ட முயலக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென இறங்கி இதயம் பாதிக்கப்படலாம். பாதிக்கு மேற்படாமல் தொடங்கி, மருத்துவர் மேற்பார்வையில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துக் கூட்ட வேண்டும்.

வாய்வழி போதாத நிலை ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால் மூக்குக்குழாயும், நான்கு வாரத்தைத் தாண்டினால் வயிற்றுக்குழாயும் பரிசீலிக்கப்படும். குழாய் போட்ட பிறகும் எச்சில் புரையேறுவது நிற்பதில்லை என்பதால், வாயையும் பற்களையும் தினமும் துலக்கிவிடுவதை நிறுத்தக் கூடாது.