ஜோடியாக உணவகம் தேடிப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே வீட்டில் இரண்டு சாப்பாட்டுப் பிரியர்கள் இருந்தால், சுற்றுவட்டாரத்தில் உள்ள உணவகங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது தானாகவே வழக்கமாகிவிடும். அருமையான வழக்கம். ஆனால் எங்கே போகலாம் என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள், போய் உட்கார்ந்த பிறகு இருவரும் சேர்ந்து எப்படிச் சாப்பிடுவது என்று யோசிப்பதே இல்லை. நல்ல உணவகத்திலிருந்துகூட அரைமனதோடு எழுந்து வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஆர்டர் கொடுக்கும் நேரத்தைப் பாருங்கள். ஒருவர் ஒன்றைச் சொன்னதும், மற்றவர் மனதில் இருந்ததும் அதுவாகவே இருந்தால், "சரி, நான் வேறு சொல்கிறேன்" என்று மாற்றிக்கொள்வார். டான் ஏரியலி, ஜொனாதன் லெவாவ் ஆகிய இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரே மேசையில் மற்றவர் சொல்வதைக் கேட்டபின் ஆர்டர் கொடுத்தவர்கள் வேண்டுமென்றே வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அதில் அவர்களுக்கு நிறைவு குறைவாக இருந்தது. ஆகவே பகிர்ந்து சாப்பிடப் போகிறோமா, அவரவர் தட்டு அவரவருக்கா என்பதை மெனுவைத் திறக்கும் முன்பே பேசிவிடுங்கள். பகிரப் போவதில்லை என்றால் இருவரும் ஒன்றையே சொன்னாலும் தவறில்லை. பகிர்வது என்றால் மட்டும் வேறு வேறாகச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் புதிய இடத்தில் பகிர்வதுதான் சரி. ஒரே பண்டத்தைத் தொடர்ந்து சாப்பிடும்போது அதன் மேலுள்ள ஆசை குறைந்துகொண்டே போகும். இன்னும் தொடாத பண்டத்தின் மேலுள்ள ஆசை அப்படியே இருக்கும். பார்பரா ரோல்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 1980களிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தனியாளுக்குக் கிடைக்காத வசதி இது: இரண்டு பேர் என்றால் நாலு பண்டத்தை ருசி பார்க்கலாம், எதுவும் சலிக்காது. ஆனால் இதே காரணத்தால்தான் வகை கூடக்கூட நாம் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறோம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். முதலில் இரண்டு, அதைச் சாப்பிட்ட பிறகு அடுத்தது. சூடு ஆறாது, மிச்சமும் ஆகாது, அந்தச் சமையலறையின் கை எதில் தேர்ந்தது என்பதும் அதற்குள் புரிந்துவிடும்.

பசி ருசி அறியாது என்பார்கள். மதியத்தைப் பட்டினி போட்டுவிட்டு இரவு போனால் கிடைத்ததெல்லாம் அமுதமாகத் தெரியும், ஆர்டரும் எக்கச்சக்கமாகிவிடும்.

அடுத்து, ரேட்டிங். 2011-ல் மைக்கேல் லூகா வெளியிட்ட ஆய்வின்படி, வாடிக்கையாளர்கள் உணவகங்களுக்கு ஸ்டார் கொடுக்கும் யெல்ப் இணையதளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. அதிலும் சங்கிலித் தொடர் உணவகங்களில் இந்த விளைவு இல்லை. தனியாக நடக்கும் உணவகங்களில்தான் இருந்தது. இவ்வளவு பணம் இதில் இருக்கும்போது பொய்யான பாராட்டுகளும் எழுதப்படத்தான் செய்யும். உண்மையாக எழுதுபவர்களிலும் மிகவும் பிடித்தவர்களும் மிகவும் கோபப்பட்டவர்களுமே அதிகம். அதனால் சராசரி எண்ணை விட்டுவிட்டு, நடுவாந்தரமாக மதிப்பெண் கொடுத்தவர்கள் அண்மையில் எழுதியவற்றைப் படியுங்கள். எந்தப் பண்டம், ஏன் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்று பெயர் சொல்லி எழுதியவர்தான் உங்களுக்கு உதவுவார். பார்சல் தாமதமாக வந்தது என்ற புகாருக்கும், நேரில் போய்ச் சாப்பிடப் போகிற உங்களுக்கும் சம்பந்தமில்லை.

ஒரே முறை போய்விட்டுத் தீர்ப்பு எழுதுவதும் தவறுதான். சிறந்த உணவகங்களுக்கு ஸ்டார் கொடுக்கும் மிஷலின் கையேட்டின் ஆய்வாளர்கள் தாங்கள் யாரென்று சொல்லாமல் போய், பில்லையும் கட்டிவிட்டு, பலமுறை சாப்பிட்டுப் பார்த்த பிறகே ஸ்டார் கொடுப்பது பற்றி முடிவெடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் கூட்டம் அலைமோதும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பிடிக்காவிட்டால், கூட்டம் இல்லாத ஒரு நாளில் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். 2011-ல் வெளிவந்த ஒரு சோதனையில், பின்னணி இரைச்சல் கூடியபோது உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத் தெரிந்தன. "சப்பென்று இருந்தது" என்று நீங்கள் சொன்னதில் பாதி அந்த இரைச்சலின் வேலையாக இருக்கலாம். கடை சாத்தும் நேரத்துக்குப் போகாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போனைப் பையில் வையுங்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 300-க்கும் மேற்பட்டவர்களை வேண்டியவர்களோடு உணவகத்தில் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். போன் மேசையில் இருந்தவர்கள் அந்தப் பொழுதைக் குறைவாகவே ரசித்தார்கள். வந்தவுடன் ஒரு படம், போதும்.

இருவருக்கும் ஒரே கருத்து வர வேண்டும் என்று மல்லுக்கட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கசப்பை எவ்வளவு உணர்கிறோம் என்பது மரபணுவிலேயே ஆளுக்கு ஆள் மாறுகிறது. உங்கள் துணை முகம் சுளித்தால் அது பிடிவாதம் இல்லை, அவருக்கு அது நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. எப்போதும் ஒருவரே இடத்தைத் தேர்ந்தெடுப்பதையும் விடுங்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறை இல்லாத நாளில், போன இடத்தைப் பற்றி முதல் வாயிலேயே குறை சொல்லாமல் இருங்கள்.

ஒவ்வாமை இருந்தால் ஆர்டருக்கு முன்பே சொல்லுங்கள். ஒரே எண்ணெய், ஒரே கரண்டி பல பண்டங்களுக்கும் போகும் என்பதால், ஒவ்வாத அந்தப் பொருள் இதில் சேர்க்கவில்லை என்ற பதில் மட்டும் போதாது, எப்படிச் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். மிச்சத்தைப் பார்சல் வாங்கினால் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

உணவில் குறை இருந்தால், தட்டு மேசையில் இருக்கும்போதே சர்வரிடம் தணிவாகச் சொல்லுங்கள். சின்ன உணவகங்களில் பெரும்பாலும் உடனே மாற்றிக் கொடுப்பார்கள். அங்கே வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து ஒரு ஸ்டார் போட்டால் அவர்களால் எதையும் சரிசெய்ய முடியாது, உங்களுக்கும் அன்றைய சாப்பாடு போனது போனதுதான்.