தமிழில் ஒரு பக்கம் கோப்பது எப்படி: எழுத்துரு தேர்வு முதல் அச்சு வரை

எங்கள் தெருப் படிப்பகத்துக்கு ஒரு பக்க அறிவிப்பு அடித்துக் கொடுத்திருந்தேன். சுவரில் ஒட்டிய மறுநாள், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் அதை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வரி முடிந்ததும் விரல் நேராக நான்காம் வரிக்குப் போய்விட்டது. எழுத்து சின்னதில்லை, 14 பாயின்ட். வரிகள்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றிக் கோத்தேன். எழுத்தை 12 ஆகக் குறைத்து, வரிகளைத் தள்ளி வைத்தேன். அடுத்த வாரம் அவர் தடங்கலில்லாமல் படித்தார்.

அப்படி ஒரு பக்கத்தை எப்படிக் கோப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆபிஸ் ரைட்டர், கொஞ்சம் ஏ4 தாள், இவை போதும். வழியில் வரலாறும் வரும். மெனுவில் இருக்கும் சொற்களில் பல ஈய எழுத்துக் காலத்தவை. அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் எந்தப் பொத்தான் எதற்கு என்பது தானாக மனத்தில் நின்றுவிடும்.

படி 1: யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்

பழைய கோப்புகளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை இன்னமும் ஏராளமாக இருக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்து குறிகள் மட்டும் தெரியும். யூனிகோட் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தரும் முறை. அதில் ‘அ’ என்றால் எங்கே போனாலும் ‘அ’தான். எழுத்துருவை மாற்றினால் தோற்றம் மட்டுமே மாறும். தமிழ்99 விசைப்பலகையில் அடித்தாலும் சரி, ஒலிபெயர்ப்பு முறையில் அடித்தாலும் சரி, வெளியே வருவது யூனிகோடாக இருக்கட்டும்.

ரைட்டரின் மொழி அமைப்புகளில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு என்று அந்த மென்பொருள் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். தமிழுக்கான அளவும் தனிதான். இது தெரியாமல், அளவை மாற்றியும் எழுத்து மாறவில்லையே என்று திண்டாடுபவர்கள் நிறைய.

படி 2: எழுத்துருவைச் சோதித்துப் பாருங்கள்

நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கட்டமரன், டிரோ தமிழ் ஆகியவை கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பை இறக்கி, இரட்டைச் சொடுக்கு போட்டு ‘இன்ஸ்டால்’ செய்தால் ரைட்டரின் பட்டியலில் வந்துவிடும். இவற்றில் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் கோடு தடித்தும் மெலிந்தும் போகும், சிலவற்றில் ஒரே தடிமனில் ஓடும். அச்சிட்ட நீண்ட உரைக்கு எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். சுவரொட்டிக்கும் திரைக்கும் இரண்டாவது வகை எடுப்பாக இருக்கும்.

பெயரைப் பார்த்தோ அழகைப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள். ஒரு வரி அடித்து, நீங்கள் அச்சிடப் போகிற அளவிலேயே தாளில் எடுத்துப் பாருங்கள். நான் அடிப்பது இது: பராமரிப்பு, தூளி, கௌதாரி, ஔவை, மேளம், ஸ்ரீ, கூழ்.

‘பராமரிப்பு’ என்ற சொல்லில் ‘ரா’வைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள். முதலில் இருப்பது ‘ர’, அடுத்தது துணைக்கால். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ‘ர’வின் அடியில் இழுத்த ஒரு சின்னச் சாய்கோடு. ஓலைச்சுவடியில் அதுவும் கிடையாது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியையும் ஓலையில் இடாமல்தான் எழுதினார்கள், ஓலை பொத்துக்கொள்ளும் என்பார்கள். இன்றைக்குச் சில எழுத்துருக்களில் அந்தச் சாய்கோடு 10 பாயின்ட்டில் மங்கிப்போகிறது. அப்படியானால் அந்த எழுத்துரு உங்கள் பக்கத்துக்கு வேண்டாம்.

‘மேளம்’ எதற்கு? ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சட்டென்று வேறுபட்டுத் தெரிகின்றனவா என்று பார்க்க. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் ஆகியவற்றை வடிவிலேயே பிரித்துக் காட்டும் இப்போதைய முறை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். இத்தாலியிலிருந்து வந்தவர் நம் கொம்புக்கு மேலே ஒரு சுழி சேர்த்துக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

தமிழ் எழுத்து ஈயத்துக்கு வந்தது அதற்கும் முன்னால். மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் 1450களில் பைபிளை அச்சிட்டு ஏறக்குறைய ஒன்றேகால் நூற்றாண்டில், 1578இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ நூல் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. பதினாறே பக்கம். அதற்கான எழுத்துகளில் ஒரு தொகுதி கோவாவிலும் இன்னொன்று கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. அச்சுக்கோப்பவருக்குத் தமிழ் எப்போதும் கடினமான வேலைதான். கொம்பையும் காலையும் தனி அச்சாக வைத்துக்கொண்டு எல்லா மெய்யோடும் சேர்க்கலாம். ஆனால் கு, சு, து, நு என்று உகரமும் ஊகாரமும் ஏறிய 36 எழுத்துகளுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். அதுபோக ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கு யானைத் துதிக்கையும் சுழியுமாகத் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் அவற்றைக் கைவிட்டு இன்றைய எளிய வடிவத்தில் அச்சிட்டார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று 1978இல் ஆணையிட்டது. ஒரு புத்தகம் எந்தக் காலத்தில் அச்சானது என்று தெரியாவிட்டால் நான் முதலில் தேடுவது ‘லை’யைத்தான்.

படி 3: எழுத்தின் அளவு

உடல் உரைக்கு 12 பாயின்ட். முதியவர்கள் படிப்பதென்றால் 13. ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. இது எழுத்தின் உயரமில்லை. எழுத்து எந்த ஈயக்கட்டையின் தலையில் நின்றதோ அந்தக் கட்டையின் உயரம். அதனால்தான் ஒரே 12 பாயின்ட்டில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிகிறது. எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள்.

அளவுக்கும் தாளுக்கும் உள்ள கணக்கு பழையது. தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றில் புதிய ஏற்பாட்டைக் கோத்தால் தாள் கட்டுப்படியாகாது. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715இல் புத்தகத்தை முடித்தார்கள்.

படி 4: வரி இடைவெளி

இதுதான் முக்கியம், அவசரப்படாமல் செய்யுங்கள்.

‘கூழ்’ என்று எழுதினால் ‘கூ’வின் வால் கீழே இறங்குகிறது, ‘ழ்’ கீழேயும் இறங்கி மேலே புள்ளியும் வைத்துக்கொள்கிறது. ‘கீ’யின் சுழி மேலே போகிறது. மேல்வரியின் ‘தூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் நேர்க்கு நேர் வந்தால் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தைப் பார்த்து அமைத்த இடைவெளி தமிழுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

ரைட்டரில் உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மட், பிறகு பாராகிராஃப் போங்கள். ‘லைன் ஸ்பேசிங்’ பட்டியலில் ‘ஃபிக்ஸ்டு’ என்று வைத்து 18 பாயின்ட் கொடுங்கள், அதாவது எழுத்தளவில் ஒன்றரை மடங்கு. பார்த்துவிட்டு 17, 19 என்று மாற்றிப் பாருங்கள். 12 என்று கொடுத்துப் பார்த்தால் ‘கீ’யின் தலை வெட்டுப்பட்டுப் போவதைக் காணலாம். ஒருமுறையாவது அதைச் செய்து பார்க்கச் சொல்வேன். எவ்வளவு இடம் தேவை என்று கை அப்போது கற்றுக்கொள்ளும்.

அதே பட்டியலில் ‘லெடிங்’ என்று ஒரு சொல் இருக்கும். ஆங்கிலத்தில் ஈயத்துக்கு ‘லெட்’ என்று பெயர். அச்சுக்கோப்பவர் ஒரு வரியை முடித்ததும் மெல்லிய ஈயப்பட்டை ஒன்றை வைத்துவிட்டுத்தான் அடுத்த வரியைத் தொடங்குவார். அந்தப் பட்டைதான் இன்று உங்கள் மெனுவில் ஒரு சொல்லாக மிஞ்சியிருக்கிறது.

படி 5: ஓரமும் வரியின் நீளமும்

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இரு பக்கமும் 30 விட்டால் உரைக்கு 150 கிடைக்கும். 12 பாயின்ட் தமிழில் அந்த வரியில் ஏறக்குறைய ஆறு ஏழு சொற்கள் கொள்ளும். நம் சொற்கள் நீளமானவை. விகுதியும் வேற்றுமையும் ஒட்டிக்கொண்டே வருமல்லவா!

இரு ஓரத்தையும் நேராக்கும் ‘ஜஸ்டிஃபை’ பொத்தானை ஆரம்பத்தில் தொடாதீர்கள். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற சொல் வரியில் இடமில்லாமல் அடுத்த வரிக்குப் போனால், மீந்த இடம் முழுவதையும் நாலைந்து இடைவெளிகள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பக்கம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடது ஓரம் நேராக, வலது ஓரம் அதன் போக்கில் இருக்கட்டும். எங்காவது சொல்லை உடைக்க வேண்டி வந்தால் புதிய வரி மெய்யெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ப்பு’ என்று ஒரு வரி ஆரம்பித்தால் படிக்கிறவர் நாக்கு தடுக்கும்.

படி 6: தலைப்பு

24 பாயின்ட், தடித்த எழுத்து. துணைத் தலைப்பு 16. ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டாம். சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். தமிழில் அதற்கென்று தனி வடிவம் வளரவில்லை. கணினி நேரான எழுத்தையே சாய்த்துத் தருகிறது, வட்டங்களெல்லாம் நசுங்கிப்போகும்.

படி 7: பிடிஎஃப் எடுத்து அச்சிடுங்கள்

முதல்முதலில் அச்சுக்குக் கொடுத்தபோது ரைட்டர் கோப்பையே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு கடையின் கணினியில் இல்லை. வேறோர் எழுத்துருவில் வரிகள் எல்லாம் இடம் மாறி, கடைசிப் பத்தி இரண்டாம் தாளுக்குப் போய்விட்டது. இருநூறு பிரதி வந்த பிறகுதான் பார்த்தேன். ஃபைல் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்’ கொடுத்தால் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்தே போகும்.

பிரதிகள் எடுக்குமுன் ஒரே ஒரு தாள் புரூஃப், அதாவது மாதிரி அச்சு, வாங்குங்கள். அச்சு அமைப்பில் ‘ஃபிட் டு பேஜ்’ இல்லாமல் 100 சதவீதம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கம் சுருங்கி உங்கள் 12 பாயின்ட் 11 ஆகிவிடும். தாளைக் கையில் வாங்கியதும் எழுத்துப்பிழை தேடுமுன் மூன்று இடங்களைப் பாருங்கள்: மெய்யெழுத்துகளின் புள்ளி அடைபடாமல் நிற்கிறதா, ‘ர’வின் சாய்கோடு தெரிகிறதா, எங்காவது ‘தூ’வும் ‘கீ’யும் முட்டுகின்றனவா. முட்டினால் கடையிலிருந்தே திரும்பி வந்து இடைவெளியை ஒரு பாயின்ட் கூட்டுங்கள்.