ஜப்பானில் சாப்பிடப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டதும் பலருக்கு வரும் முதல் பயம் சாப்ஸ்டிக். தேவையில்லாத பயம். பிடிக்க வரவில்லை என்றால் ஸ்பூன் கேளுங்கள், சிரித்துக்கொண்டே தருவார்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். இரண்டும் அங்கே இழவு வீட்டுச் சடங்கோடு சேர்ந்தவை. மற்ற நடைமுறைப் பிழைகளை வெளியூர்க்காரர் என்று மன்னித்துவிடுவார்கள். காசையும் வயிற்றையும் ஒரு நாள் திட்டத்தையும் கெடுக்கும் தவறுகள் வேறே.

பெரிய தவறு, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்த்து 'இது சைவம்' என்று முடிவு கட்டுவது. மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பில் மிதப்பது டோஃபுவும் கடற்பாசியும்தான். ஆனால் அந்தச் சாறு 'தாஷி'. கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுவோபுஷி என்ற மீன் சீவலையும் வெந்நீரில் இறக்கி வடித்தது. கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, விறகுக் கட்டை மாதிரி இறுகும்வரை காயவைத்தது. இலங்கைச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தாஷி உடோன் நூடுல்ஸ் சாற்றில் இருக்கிறது, சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாஸில் இருக்கிறது, முட்டை ரோலில் இருக்கிறது, அவித்த கீரையில்கூட இருக்கிறது. காய்கறி டெம்புரா, அதாவது நம் பஜ்ஜி மாதிரி மாவில் தோய்த்துப் பொரித்தது, கேட்டால் பொரிக்கும் மாவில் பெரும்பாலும் முட்டை, பக்கத்துக் கிண்ணத்தில் தாஷி. பொரித்த எண்ணெயும் பல கடைகளில் இறால் பொரித்ததாகவே இருக்கும்.

'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் இது எதுவும் நிற்காது. மீன் அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராது. சில கடைகளில் ஹாம் துண்டுகூடச் சாலட்டில் வந்து உட்கார்ந்துவிடும். மாடு, பன்றி, கோழி, மீன், இறால், முட்டை, மீன் தாஷி என்று வேண்டாதது எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு அட்டையைப் போனில் வைத்துக்கொண்டு, உட்காருவதற்கு முன்பே காட்டுங்கள். 'முடியாது' என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். சமைத்து வைத்த சாற்றிலிருந்து மீனைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

கறாரான சைவக்காரர்களுக்கு உண்மையான வழி ஷோஜின் ரியோரி, அதாவது பௌத்த மடத்துச் சமையல். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. வாகயாமா மாநிலத்தில் மலைமேல் இருக்கும் கோயாசானில் ஐம்பதையொட்டிய மடங்கள் பயணிகளைத் தங்கவைத்துச் சோறு போடுகின்றன. அங்கே எள் டோஃபு, பல்லில் ஒட்டுகிற மாதிரி வழவழவென்று, மேலே ஒரு துளி வசாபியோடு வரும். அதற்காகவே மலையேறலாம் என்பேன். இங்கே சறுக்குவது நேரத்தில். இரவுச் சாப்பாடு மாலை ஆறு மணியை ஒட்டியே வைத்துவிடுவார்கள். ஏழரைக்குக் கேபிள் காரில் வந்து இறங்கினால் பட்டினிதான்.

ராமென் என்ற நூடுல்ஸ் சூப்பில் வேறு கதை. மிசோ, ஷோயு (சோயா சாஸ்), ஷியோ (உப்பு) என்பதெல்லாம் எதைப் போட்டு உப்புச் சுவை ஏற்றினார்கள் என்பதைச் சொல்லும் பெயர்கள். அடியில் இருப்பது பெரும்பாலும் பன்றி எலும்பும் கோழி எலும்பும் கொதித்த சாறு. ஷியோ தெளிந்த ரசம் போல இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். பன்றி தவிர்ப்பவர்கள் ஹலால் ராமென் கடைகளைத் தேடிப் போவதே நல்லது. டோக்கியோவிலும் ஒசாகாவிலும் இப்போது இருக்கின்றன.

ராமென் கடைக்குள் போய் உட்கார்ந்து ஆள் வரக் காத்திருப்பதும் தவறு. பல கடைகளில் வாசலிலேயே டிக்கெட் மெஷின் நிற்கும். காசு போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைச் சமையல்காரரிடம் நீட்ட வேண்டும். எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் இடது மேல் மூலை. வழக்கமாகக் கடையின் பேர்போன அயிட்டம் அங்கேதான் இருக்கும். ஆயிரம் யென் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். பழைய மெஷின்கள் பெரிய தாளை வாங்காது, 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளையும் சில தள்ளிவிடும். ஃபுகுவோகாவின் ஹகாட்டா ராமெனில் நூடுல்ஸை மட்டும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆசை இருந்தால் சாற்றை முதலிலேயே குடித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

1958இல் ஒசாகாவில் தொடங்கிய சுழலும் பெல்ட் சுஷிக் கடைகளில் ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் ஒரு சின்னக் குழாய் இருக்கும். கை கழுவ என்று நினைத்து நீட்டினால் விரல் வெந்துபோகும். அது டீத்தூள் கலக்குவதற்கான கொதிநீர். சுஷியைச் சோயாவில் தொடும்போது மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றுப் பக்கத்தை முக்கினால் உப்பு ஏறி, வாய்க்குப் போவதற்குள் உதிர்ந்துவிடும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், நமக்கு அதில் சிரமமே இல்லை. ஊறுகாய் இஞ்சி மேலே வைத்துச் சாப்பிடுவதற்கல்ல, ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் நாக்கைக் கழுவ. டகோயாகி என்ற ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டையை மட்டும் முழுதாக வாயில் போட்டுவிடாதீர்கள்: வெளியே ஆறியிருக்கும், உள்ளே மாவு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்.

இசக்காயா என்ற மதுவும் சிற்றுணவும் தரும் கடையில் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணம் வந்தால், பில்லில் ஆளுக்கு முந்நூறிலிருந்து ஐந்நூறு யென் வரை ஏறும். ஏமாற்று இல்லை, அது இருக்கைக் கட்டணம் மாதிரி. டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்து விட்டுப் போய்விட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவருவார்கள்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. நிறையக் கடைகள் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்து ஐந்து மணிக்குத்தான் மறுபடி ஏற்றும். கோயில் எல்லாம் பார்த்துவிட்டு மூன்றரைக்குச் சாப்பிடலாம் என்றால் கன்வீனியன்ஸ் ஸ்டோர் ஒனிகிரி என்ற சோற்று உருண்டைதான் கதி. பெரிய கடையை இரவுக்கென்று ஒதுக்குவதும் வீண் செலவு. அதே சமையல்காரர் மதியம் போடும் செட் சாப்பாடு கணிசமாக மலிவாகக் கிடைக்கும்.

டோக்கியோவில் சூரை மீன் ஏலம் பார்க்க இன்னமும் சுக்கிஜிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்த விற்பனைச் சந்தை 2018 அக்டோபரிலேயே டொயோசுவுக்கு மாறிவிட்டது. சுக்கிஜியில் மிச்சமிருப்பது வெளிச்சந்தை. சாப்பிட அருமையான இடம், ஆனால் காலையில் போக வேண்டும், மதியம் இரண்டுக்குள் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கிவிடும். ஞாயிறு பல கடைகள் லீவு, சில புதன்கிழமைகளிலும் அப்படித்தான். தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.