வாலபி: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

வாலபி என்பது கங்காருவின் சிறிய உறவான ஆஸ்திரேலிய விலங்கு. அதன் படத்தைப் போட்டு "கங்காருக் குட்டி" என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குட்டிக்குப் பெயர் ஜோயி. கங்காருவின் குட்டியும் ஜோயி, வாலபியின் குட்டியும் ஜோயி. வாலபி எவ்வளவு வளர்ந்தாலும் வாலபிதான். ஆண் செங்கங்காரு 85 கிலோ வரை இருக்கும்; சதுப்பு வாலபி 20 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். அதற்காக வாலபியை ஒரே இனமாக்கிவிடவும் கூடாது. சுமார் 30 இனங்களுக்கு அந்தப் பெயர் உண்டு.

கங்காருவுக்குப் பெயர் வந்த கதையில்தான் பெரிய சறுக்கல். "இது என்ன?" என்று ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக் கேட்டாராம், உள்ளூர்க்காரர் "எனக்குப் புரியவில்லை" என்றாராம், அதுவே 'கங்காரு' ஆகிவிட்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டுக்கதை. 1770-இல் குக்கின் கப்பல் பவளப்பாறையில் மோதி, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் இன்றைய குக்டவுன் பக்கம் பழுதுபார்க்க நின்றது. அங்கே பேசப்பட்ட கூகு யிமிதிர் மொழியில் ஒருவகைப் பெரிய கங்காருவுக்கே அந்தப் பெயர் உண்டு. 1970-களில் ஜான் ஹாவிலண்ட் என்ற மொழியியலாளர் அங்கே போய் இதை உறுதி செய்தார். அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட 'கஙுரு'. நடுவில் வருவது 'இங்ஙனம்' என்பதில் நாம் சொல்லும் அதே ங. அரிச்சுவடியோடு நாம் மறந்துவிடுகிற ஙு, அங்கே துள்ளிக்கொண்டிருக்கிறது!

சரி, வாலபி? அதுவும் அதே மொழிதான் என்று நினைத்தால் தவறு. அது 2,000 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, சிட்னிப் பகுதியின் தாருக் மொழிச் சொல். நம் 'வால்' அதில் இல்லை. ஒலி ஒத்துப்போவது தற்செயல். அளவில் இரண்டுக்கும் நடுவே வரும் 'வாலரூ'வின் பெயரையும் வாலபியும் கங்காருவும் சேர்ந்த ஒட்டுச்சொல் என்பார்கள். அப்படியில்லை, அதுவும் தாருக் மொழியின் தனிச்சொல்தான்.

'ஆஸ்திரேலியப் பழங்குடி மொழி' என்று ஒருமையில் எழுதும் பழக்கத்தில்தான் இந்தக் குழப்பமெல்லாம் தொடங்குகிறது. 1788-இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கும் இதே நினைப்பு. குக்கின் ஆட்கள் வடக்கே கேட்டு எழுதிய 'கங்காரு'வை உள்ளூர்ச் சொல் என்று நம்பி அங்கிருந்தவர்களிடமே பேசினார்கள். அவர்களுக்கோ அது வெள்ளைக்காரன் சொல். பிறகு ஒரு நாள் கப்பலில் மாடுகள் வந்திறங்கின. வாட்கின் டென்ச் என்ற அதிகாரி அவற்றை கோல்பி என்ற உள்ளூர்ப் பழங்குடிக்காரரிடம் காட்டினார். கோல்பி பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இவை கங்காருகளா?"