உலாட் புங்குஸ்: மருந்து அடிப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்தில் இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்போர் பலர், மட்டைகள் தீயில் வாடியதுபோல் பழுப்பேறிய பிறகே மருந்துப் பம்பைத் தேடுகின்றனர். அதற்குள் உலாட் புங்குஸ் புழு ஓலையைத் தின்று முடித்திருக்கும். ஓலையில் பாதி போய்விட்டால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் குலை மகசூல் 40 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடும்.

உலாட் புங்குஸ் என்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. ஓலைத் துணுக்குகளைத் தன் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு, அதைச் சுமந்தபடியே மேயும். நம் பகுதியில் அதிகம் காணப்படும் மெதிசா பிளானா இனத்தில் ஆணுக்கு மட்டுமே சிறகு உண்டு. பெண் கூட்டைவிட்டு வெளியே வராமல் அதற்குள்ளேயே முட்டையிட்டு மடிகிறது. பொரித்த குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றில் அடுத்த மரத்துக்குப் போகின்றன. எனவே, பக்கத்துத் தோட்டத்தில் புழு இருந்தால் உங்கள் தோட்டத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

மருந்து தேவையா என்று அறிய, முதலில் புழுக்களை எண்ண வேண்டும். நன்றாக விரிந்த இளமட்டையை ஒன்று எனக் கொண்டால், அதன் கீழ்வரிசையில் ஒன்பதாவதும் அடுத்து பதினேழாவதும் வரும். பத்து மரத்துக்கு ஒன்றாகப் பதினேழாம் மட்டையை வெட்டி இறக்கி, ஒவ்வொரு கூட்டையும் பிரித்துப் பாருங்கள். உள்ளே உயிருள்ள புழு இருந்தால் மட்டுமே கணக்கு. காலிக் கூட்டையும், புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி துளையிட்டுப் போன கூட்டையும் விட்டுவிடுங்கள். மெதிசா பிளானா மட்டைக்குப் பத்து என்ற அளவை எட்டினால் மருந்து அடிக்க வேண்டும்.

பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தைப் புழு தின்றால்தான் சாகும். ஆகவே, அதைச் சிறு புழுக்கள் மேயும் பருவத்தில், மழையில்லாத மாலையில் அடியுங்கள். கூடுகள் ஓலையின் அடிப்புறத்தில் அசையாமல் தொங்கினால் அது புழு மேய்வதை நிறுத்திவிட்ட கூட்டுப்புழுப் பருவம். அப்போது அடிப்பது பணத்தைக் கால்வாயில் ஊற்றுவதற்குச் சமம். எல்லாப் பூச்சியையும் கொல்லும் கடும் மருந்தை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் குளவிகளும் அதோடு அழிந்து புழு மேலும் பெருகிய அனுபவம் மலாயாத் தோட்டங்களுக்கு 1960களிலேயே உண்டு. அக்குளவிகளுக்குத் தேன் கிடைக்க, தோட்ட ஓரத்தில் மஞ்சள் பூப்பூக்கும் காசியா கோபனென்சிஸ் செடியை நட்டு வையுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். செத்த புழுவின் கூடு மட்டையிலேயே தங்கியிருக்கும் என்பதால், அப்போதும் பிரித்துப் பார்த்தே எண்ண வேண்டும்.